திருத்தமும் முடிப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

எடுத்த செயலைப் பிழையறச் செய்தல் வேண்டும் என்பது நமக்குத் தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்பட்ட பாடம். அதனைக் குறித்த காலத்துக்குள் முடித்தல் வேண்டும் என்பதோ அத்துணை அழுத்தமாகக் கற்பிக்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டு அல்லற்படுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பிறரைவிட மிகுதியாகவே உழைப்பவர்கள். ரிக்கார்டு நோட்டில் ஒரு கோடு சற்றே கோணினால் அந்தத் தாளையே கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுவார்கள். அலுவலகத்திலே ஒரு கடிதத்தை நான்கு முறை திருத்தித் தட்டச்சு செய்வார்கள். அதற்குள் அடுத்த மூன்று கோப்புகள் மேசையிலே தேங்கிக் கிடக்கும். இத்தகையோரை ‘நுணுக்கமான ஆள்’ என்று பாராட்டுவோரும் உண்டு. ‘இழுத்தடிக்கிற ஆள்’ என்று குறை கூறுவோரும் உண்டு. இரண்டுமே உண்மைதான்.

நுணுக்கம் பார்க்கும் இயல்பு எனக்கும் உண்டு. அந்த இயல்பை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல நான் இக்கட்டுரையை எழுதவில்லை. அதனை எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது என்று ஆராய்வதே என் நோக்கம். இதற்கான சான்றுகளை வெகு தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் காவிரிப் படுகையிலேயே அவை கிடைக்கின்றன.

தஞ்சையில் அடிபட்ட கருவி

ஆங்கிலப் படையதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை வைத்து எடுத்த அளவு அது. பின்னாளில் இந்தியா முழுவதையும் அளந்த ‘மாபெரும் முக்கோண அளவை’க்கு அதுவே தொடக்கம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம் அல்லவா? அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று நாடு முழுவதும் முக்கோணங்களைப் பின்னிக்கொண்டே செல்வதுதான் அம்முறை.

கோணம் அளக்க அவர் பயன்படுத்திய தியோடலைட்டு லண்டனில் செய்யப்பட்டது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். எடை ஏறத்தாழ அரை டன். அது கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீசியசுக்குப் போயிற்று. அறிவியற் கருவி என்று தெரிந்ததும் அவர்கள் அதனைப் பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தனர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி தனிச் சுவை தருவதாகும்.

நம் பகுதி தட்டையான வயல்வெளி. மலையில்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே லாம்டன் கோயில்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. துல்லியத்துக்கே உயிரான அந்த வட்டம் வளைந்து நெளிந்துவிட்டது.

லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். சில கைவினைஞர் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு பெரிய பலகையிலே வட்டத்தின் சரியான அளவை வரைந்துகொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டு வந்தார். இதற்கு ஆறு வாரங்கள் ஆயின. அதன் பிறகு அவரது அளவைப் பணி அதே கருவியைக் கொண்டு தொடர்ந்தது.

ஆறு வாரம் ஒரு வட்டத்துக்குச் செலவிட்டது தகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தைப் பார்க்கும்போது கோணத்தில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறினால் கோபுரத்தின் இடம் ஏறத்தாழ 8.7 மீட்டர் தள்ளிப் போகும். அந்தப் பிழை அடுத்த முக்கோணத்துக்கும் அதற்கடுத்ததற்கும் ஏறிக்கொண்டே செல்லும். ஆகவே அந்த ஆறு வாரம் வீண் அன்று.

ஆனால் இதே லாம்டன் ஒவ்வொரு குளத்தையும் ஒவ்வொரு ஊரையும் அந்த அரை டன் கருவியால் அளக்க முற்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரிய முக்கோணங்களுக்கே பெரிய கருவி. அவற்றுக்குள் அடங்கும் சிறிய இடங்களைச் சிறிய கருவிகளாலே குறித்துக்கொள்ளலாம். பெரிய முக்கோணம் சரியாயிருந்தால் உள்ளே நேரும் சிறு பிழை அந்த இடத்தோடு நின்றுவிடும், பரவாது.

மற்றொன்றும் உண்டு. தம் அளவு சரிதானா என்று அவர் ஒவ்வொரு நாளும் ஐயுற்றுக் கொண்டிருக்கவில்லை. குறித்த தொலைவு சென்றதும் ஒரு சோதனை வைத்துக்கொண்டார். 1804 இல் பெங்களூர் அருகே மற்றோர் அடிக்கோடு நேராக அளக்கப்பட்டது. பரங்கிமலையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு, ஏழு மைலில் 4 அங்குலத்துக்கும் குறைவு. அதற்குமேல் சந்தேகம் எதற்கு? அவர் மேற்கொண்டு நடந்தார்.

லாம்டன் தம் பணியை முழுதும் முடித்துப் பார்க்கவில்லை. 1823 இல் இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில் காலமானார். ஆயினும் முடிந்த பகுதிகளை அவ்வப்போது எழுதி ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதிகளில் வெளியிட்டு வந்தமையால், அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரஸ்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகே வெளியிடுவேன் என்று அவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

பல்லக்கும் கிரகணமும்

இத்தனைச் செலவு எதற்கு, சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் கொண்டுபோய் விடமாட்டார்களா என்று அக்காலத்து நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டதாகச் சொல்வர். இதனை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. சற்று எண்ணிப் பார்த்தால், பல்லக்குப் பயணத்துக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. உலகின் வடிவத்தை அறிவதற்கு அது போதாது, அவ்வளவே. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைப் பயன்தான் முடிவு செய்கிறது.

இதற்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. லாம்டனோடு பணியாற்றிய வாரன் என்பவர் பின்னர்ப் புதுச்சேரியில் வாழ்ந்து, தென்னாட்டுக் காலக் கணிப்பு முறைகளைப் பற்றி ‘கால சங்கலித’ என்னும் நூலை 1825 இல் வெளியிட்டார். அவர் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தாளும் கோலும் இன்றிச் சிப்பிகளைத் தரையில் பரப்பி வைத்து, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31, ஜூன் 1 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டன.

தியோடலைட்டுக் கண்ணால் பார்த்தால் இது பெரும் பிழை. ஊர் மக்கள் இன்ன இரவில் கிரகணம், இன்ன வேளையில் தொடங்கும் என்று அறிந்து நீராடவும் நோன்பிருக்கவும் இது போதுமானது. மேலும் அக்கணக்கு கிரகணத்துக்கு முன்பே முடிந்து கைக்கு வந்துவிட்டது. கிரகணம் முடிந்த மறுநாள் வந்து சேரும் துல்லியமான கணக்கினால் அந்த ஊருக்கு என்ன பயன்?

நம் ஆய்வுக்கூடம் சொல்லும் பாடம்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் யங் குணகம் காணும் சோதனையை நம் வகுப்பு நண்பர்கள் அறிவார்கள். இரு கத்திமுனைகளின் மேல் ஒரு சட்டத்தைக் கிடத்தி, நடுவிலே எடை தொங்கவிட்டு, சட்டம் தாழும் அளவைக் காண்கிறோம். அதற்குரிய சூத்திரத்தில் சட்டத்தின் அகலம் ஒருமுறைதான் வருகிறது. தடிமனோ மும்மடியாக வருகிறது. ஆகவே அகலத்தில் 1 சதவீதப் பிழை நேர்ந்தால் விடையில் 1 சதவீதப் பிழை. தடிமனில் 1 சதவீதப் பிழை நேர்ந்தால் விடையில் 3 சதவீதப் பிழை.

6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டத்தை 0.1 மில்லிமீட்டர் மீச்சிற்றளவுள்ள வெர்னியரால் அளந்தால் பிழை 1.7 சதவீதம், விடையிலோ அது 5 சதவீதமாகும். 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் திருகு அளவியால் அளந்தால் விடையில் வரும் பிழை அரை சதவீதமே. 25 மில்லிமீட்டர் அகலத்துக்கோ வெர்னியரே போதும், பிழை 0.4 சதவீதம். கத்திமுனைகளுக்கு இடையேயுள்ள 60 சென்டிமீட்டர் தொலைவுக்குச் சாதாரண அளவுகோலே போதும். அதனையும் மேலும் நுட்பமாக அளக்க முயல்பவர் நேரத்தைத்தான் இழப்பார். விடை பெரிதாகத் திருந்தாது.

என் கருத்தில், நுணுக்கம் பார்ப்போர் அனைவரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. ஒரு வேலையின் எல்லாப் பகுதிகளும் சமமான கவனத்தைக் கேட்பதில்லை. எது மும்மடியாக வருகிறது, எது ஒருமடியாக வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், திருகு அளவியை எங்கே எடுப்பது என்று தெரிந்துவிடும்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தரம்பார்த்தலின்போது நாம் எத்தனை முறை செய்கிறோம்? ஒத்த மதிப்புகள் வந்ததும் நிறுத்திவிடுகிறோம். நிறுத்த வேண்டிய இடம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. மற்ற வேலைகளிலும் அப்படி ஓர் இடத்தை நாமே வகுத்துக்கொள்ளக் கூடாதா?

கொத்தனார் வீட்டுப் பாடம்

என் தந்தையார் கொத்தனார். கோட்டுச்சேரியிலும் நிரவியிலும் திருநள்ளாற்றுப் பக்கமும் அவர் கை பட்ட வீடுகள் பல உள்ளன. அவர் பள்ளிக்கூடம் சென்றது சில ஆண்டுகளே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான்தான் முதல். ஆயினும் மேலே சூத்திரம் கொண்டு விளக்கிய கருத்தை அவர் சூத்திரம் இல்லாமலேயே அறிந்திருக்கிறார்.

விடுமுறை நாட்களில் அவரோடு வேலைக்குச் செல்வதுண்டு. அடிக்கல் வரிசை வைக்கும்போது மூலைமட்டமும் ரசமட்டமும் வைத்து, நூல் பிடித்து, திரும்பத் திரும்பப் பார்ப்பார். சித்தாட்கள் காத்திருந்தாலும் அசைய மாட்டார். சுவர் எழும்பும்போது தூக்குக்குண்டு மூலைகளில் மட்டும் இறங்கும். நடுச்சுவருக்கு நூல் போதும். பூச்சு வேலையிலோ அவர் கை விரைந்து செல்லும். காரணம் கேட்டபோது அவர் சொன்னது இது:

“தம்பி, அடியில ஒரு நூல் சாஞ்சா உச்சியில ஒரு அங்குலம் சாயும். பூச்சுல ஒரு நூல் கூடக்குறைய இருந்தா கடைசி கைப் பூச்சுல சரியாப் போயிடும். எதைப் பின்னால திருத்த முடியாதோ அதை இப்பப் பாரு.”

கலவைக்கும் ஒரு காலம் உண்டு. சாதாரண போர்ட்லண்டு சிமெண்டின் தொடக்க இறுகல் 30 நிமிடத்துக்கு முன் நேரக் கூடாது, இறுதி இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. தண்ணீர் ஊற்றிக் குழைத்த பிறகு, இன்னும் சற்று அழகாகப் பூசலாம் என்று எண்ணி நின்றால் கலவை நமக்காகக் காத்திராது. உலகில் பெரும்பாலான வேலைகளுக்கு இப்படி ஓர் இறுகல் நேரம் உண்டு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு. தேர்வுக்கு மூன்று மணி உண்டு. நாற்றுக்கு நடவுக்காலம் உண்டு.

திருவள்ளுவர் வினைத்திட்பத்தை 67 ஆம் அதிகாரத்திலும், வினைசெயல்வகையை 68 ஆம் அதிகாரத்திலும் வைத்தார். அவற்றோடு நில்லாமல் காலமறிதல் என்று 49 ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியது எது, தாழ்த்தக் கூடாதது எது என்று பிரித்துக் காணவும் அவர் சொல்கிறார். வேலையின் தரத்தில் காலமும் ஒரு பகுதி என்பதே இதிலிருந்து நான் பெறும் கருத்து.

அச்சம் போட்டுக்கொள்ளும் வேடம்

அமெரிக்க உளவியலாளர் டான் ஹமச்செக் 1978 இல், குறைவற்ற செம்மையை நாடுவோரை இரு வகையாகப் பிரித்தார். ஒரு வகையினர் உயர்ந்த தரத்தை விரும்பி உழைத்து, செய்து முடித்ததில் மகிழ்ச்சி காண்பவர். தேவையான இடத்தில் தளர்த்திக்கொள்ளவும் அறிந்தவர். மற்றொரு வகையினர் எவ்வளவு செய்தாலும் நிறைவு காணாதவர். அவர்களை நடத்திச் செல்வது பிழை நேர்ந்துவிடுமோ என்ற அச்சம்.

நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர் பலர் உள்ளனர். மீனவக் குப்பத்திலிருந்தும், உழவர் தெருவிலிருந்தும், கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்தும் வருகிறோம். நம்மிடம் இரண்டாவது வகை ஏன் மிகுதியாகக் காணப்படுகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. நம் பின்னால் தம்பி தங்கையர் நிற்கிறார்கள். நாம் ஒரு பிழை செய்தால், ‘இவர்களுக்கெல்லாம் படிப்பு எதற்கு’ என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்று உள்ளம் அஞ்சுகிறது. ஒரு தாளைக் கொடுக்காதவரை அதில் யாரும் குறை காண முடியாது. ஆகவே கொடுக்காமலேயே திருத்திக்கொண்டிருக்கிறோம். பார்ப்பவர்க்கு இது உழைப்பாகத் தோன்றும். உள்ளே இருப்பது பயம்.

இந்தப் பயத்துக்கான விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை என்பதையும் எண்ண வேண்டும். நாளை நம்மில் சிலர் அலுவலகங்களில் அமரப் போகிறோம். காரைக்காலிலிருந்து புதுச்சேரித் தலைமைச் செயலகம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நடுவில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து செல்ல வேண்டும். இங்கே ஒரு மேசையில் ஒரு கோப்பு, வாசகத்தின் அழகுக்காக ஒரு வாரம் தங்கினால், அங்கே அது ஒரு வாரம் தாமதமாகத்தான் சேரும். அந்தக் கோப்புக்குள்ளே ஒரு முதியவரின் உதவித்தொகை இருக்கலாம். ஒரு மாணவியின் கல்விக் கட்டணம் இருக்கலாம். தொகையிலும் பெயரிலும் பிழை வரக் கூடாது. அங்கே திருகு அளவி வேண்டும். வாசகத்தின் அழகுக்கு அளவுகோல் போதும்.

முதற்பதிப்பு என்னும் துணிவு

நமக்கு அண்மையிலுள்ள கும்பகோணம் கல்லூரியில் 1880 இல் தமிழாசிரியராய் அமர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். ஏடு ஏடாகத் தேடி, ஒப்பு நோக்கி, ஐயம் தீர்த்து, 1887 இல் அச்சிட்டு வெளியிட்டார். ஏழு ஆண்டு உழைப்பு. நுணுக்கத்துக்கு அவரைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் அவர் 1887 இல் வெளியிட்டார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இன்னும் ஏடு கிடைக்கலாம், இன்னும் ஓர் ஐயம் தீரலாம் என்று காத்திருக்கவில்லை. திருத்தங்களுக்கு 1907 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. சிந்தாமணியையே திருத்திக்கொண்டு இருபது ஆண்டு அமர்ந்திருந்தால் இந்நூல்களின் கதி யாது?

கடைப்பிடிக்கத் தக்க சில முறைகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான் தொகுத்துக்கொண்டு, சென்ற பருவத்திலிருந்து கைக்கொண்டு வரும் முறைகளை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

1. வேலையைத் தொடங்குமுன் இது யாருக்கு, எதற்கு, எப்போது என்று மூன்று வரி எழுதிக்கொள்க. பல்லக்குப் பயணமா, உலக அளவையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

2. வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, பின்னால் திருத்த முடியாதவை, திருத்தக் கூடியவை, யாரும் பாராதவை என்று குறியிடுக. முதல் வகைக்கே முதற் கவனம்.

3. முழு வேலையையும் ஒருமுறை கரடுமுரடாக முடித்துவிடுக. அதன் பிறகே மெருகு. முதற் பக்கத்தை மெருகிட்டு முடிக்காமல் இரண்டாம் பக்கம் போவதில்லை என்பவர், கடைசிப் பக்கத்தை அரைகுறையாகவே தருவார்.

4. எத்தனை முறை சரிபார்ப்பது என்று முன்னரே எண்ணிக்கை வைத்துக்கொள்க. நான் இரண்டு என்று வைத்திருக்கிறேன். மூன்றாம் முறைக்கு ஒரு காரணம் எழுத முடிந்தால் மட்டுமே மூன்றாம் முறை.

5. பாதி வேலையிலேயே ஒரு நண்பரிடமோ ஆசிரியரிடமோ காட்டுக. பெங்களூர் அடிக்கோடு போல அது ஒரு சோதனை. திசை தவறியிருந்தால் பாதி வழியிலேயே திரும்பலாம்.

6. பல வேலைகள் ஒருங்கே வந்தால், எது முதலில் வேண்டும் என்று தந்தவரிடமே கேட்டுவிடுக. எல்லாம் முதன்மை என்று நாமே கருதிக்கொள்வது பணிவு ஆகாது.

7. மருந்தின் அளவு, ரயில் சைகை, வாக்கு எண்ணிக்கை, பணக் கணக்கு ஆகியவற்றில் மேற்கூறிய தளர்வு எதுவும் செல்லாது. அங்கே நேரம் போனாலும் போகட்டும்.

முடிவுரை

நுணுக்கம் பார்க்கும் இயல்பு ஒரு நல்ல கருவி. லாம்டனின் தியோடலைட்டைப் போல அது கனமானதும்கூட. அதனைத் தூக்கிக்கொண்டு எல்லாத் தெருவுக்கும் போக முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை. எந்தக் கோபுரத்தின் மேல் அதை ஏற்றுவது என்று தேர்ந்துகொள்ள வேண்டும். ஏற்றுவது என்று முடிவு செய்தபின் ஆறு வாரமானாலும் அஞ்சக் கூடாது. மற்ற இடங்களில் சிறு கருவியை நம்பி நடந்துவிட வேண்டும்.

வீட்டின் முதல் பட்டதாரிகளாகிய நண்பர்களுக்கு ஒரு சொல். நமக்குப் பின்னால் வருவோருக்குப் பிழையே இல்லாத ஓர் அண்ணனோ அக்காளோ தேவையில்லை. வேலையை ஏற்று, பொறுப்போடு செய்து, சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுப்பவரைப் பார்த்தே அவர்கள் துணிவு பெறுவார்கள். இதில் குறையிருப்பின் பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் எடுத்துக் காட்ட வேண்டுகிறேன். அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்வேன். இம்மலருக்குக் கட்டுரை தரக் கடைசி நாள் இன்று; இரண்டு முறை சரிபார்த்தாயிற்று.